கோழிக் கழிச்சல் நோயும் உடம்பின் முதற் காவலும்

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, சோளிங்கர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில், நிலமுள்ள குடியானவர் வீட்டுக் களத்தில் சில நாட்டுக் கோழிகளேனும் மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். களத்திற் சிந்திய தானியத்தையும், எருக்குழியிலுள்ள புழுக்களையும், அடுக்களையில் மீந்ததையும் பொறுக்கித் தின்று வளரும் இக்கோழிகளுக்குத் தீவனச் செலவு மிகச் சொற்பம். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்கள் கையிலேயே சேர்கின்றன. நிலக்கடலைக்கு மழை பொய்த்த ஆண்டிலும் நெசவுக்கு வேலை குறைந்த மாதத்திலும் அவசரச் செலவுக்கு உதவுவது இச்சிறு வருமானமே.

இவ்வருமானத்தை ஒரே வாரத்தில் அடியோடு அழிக்கவல்லது கோழிக் கழிச்சல் நோய். இதனை வெள்ளைக் கழிச்சல் என்றும், இராணிக்கெட் நோய் என்றும் கூறுவர். முதல் நாள் கோழி தீனி எடாமல் சிறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒதுங்கி நிற்கும். பின்னர் வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றிற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கால்களும் இறக்கைகளும் வாதங் கண்டு செயலற்றுப் போகும். கொடிய வகை நோய் கண்டால், தடுப்பூசி இடப்பெறாத கூட்டத்தில் நூற்றுக்கு 90-க்கு மேலும் மாண்டுபோவதுண்டு.

இந்நோயைக் கண்ட குடியானவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. ஒரே கொட்டிலில் அடைந்த கோழிகளுள் ஒன்றிரண்டு மட்டும் பிழைப்பது எதனால்? அதே குட்டையில் நீர் குடித்த வாத்துக்கு ஒன்றும் நேராதது எதனால்? நோய் கண்ட பிறகு தடுப்பூசி இட்டும் கோழிகள் சாவது எதனால்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை, நோய்க் கிருமி உடம்பினுட் புகுந்த முதல் சில நாட்களில் அவ்வுடம்பு செய்யும் போரில் அடங்கியுள்ளது. பிறவியிலேயே அமைந்த அம்முதற் காவலைப் பற்றி இங்கே விரித்துரைப்போம்.

நோயின் வரலாறு

இந்நோய் 1926-ல் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டில் இங்கிலாந்து தேசத்து நியூகாசில் நகரத்தருகிலும் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதனால் மேனாட்டார் இதனை நியூகாசில் நோய் என்பர். மறு ஆண்டாகிய 1927-ல் நம் நாட்டின் குமாவோன் மலைப் பகுதியில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் இது தோன்றியது. முக்தேசுவரிலிருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் என்பார் இதனை ஆராய்ந்தமையால், அவ்வூரின் பெயரே இந்தியாவில் நோயின் பெயராக நிலைத்துவிட்டது. பின்னர் அதே முக்தேசுவரில், கொடிய வைரஸைக் கோழி முட்டையில் பலமுறை வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, ஒரு தடுப்பு மருந்தை ஆக்கினர். அது இன்றும் வழக்கிலுள்ளது.

நம் பக்கத்திலும் இத்துறையில் ஒரு பழம்பெரும் நிலையம் உண்டு. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியே சென்றால் வெகு தூரமில்லாத இராணிப்பேட்டையில், மாடுகளைக் கொள்ளைகொண்ட வெக்கை நோய்க்குச் சீரம் செய்யும் பொருட்டு 1932-ல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக விளங்குகிறது. வெக்கை நோய் உலகத்தினின்றே ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. கோழிக் கழிச்சலோ இன்னும் ஒழிந்தபாடில்லை.

வைரஸ் என்பது யாது?

கழிச்சல் நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்காக்கினால் அதில் ஒன்று முதல் சில பங்கு வரையே இதன் பருமன். ஒரு கொழுப்புறைக்குள், ஆர்.என்.ஏ. என்னும் நூல் போன்ற இரசாயனப் பொருளில் ஏறக்குறைய 15,000 எழுத்துக்களில் எழுதப்பட்ட ஒரு கட்டளை அடங்கியுள்ளது. இதற்கு உண்ணவோ வளரவோ தானே இயலாது. விதை நிலத்தை நாடுவது போல இது பிறிதோர் உயிரின் அணுவை நாடி, அதனுட் புகுந்து, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப்போல் ஆயிரக்கணக்கானவற்றைச் செய்வித்துக்கொள்கிறது.

ஆதலால் வைரஸ் நோய்க்கும் பாக்டீரியா நோய்க்கும் உள்ள வேற்றுமையை யாவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றுஞ் செய்யா. கழிச்சல் கண்ட கோழிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைக் கரைத்துப் புகட்டுதல் பெரும்பாலும் வீண் செலவாகும். வைரஸை எதிர்த்து நிற்க வேண்டியது கோழியின் உடம்பே.

வெளிக் காவல்

வயலுக்கு வேலி எவ்வாறோ அவ்வாறே உடம்பிற்குத் தோலும் சிறகும், மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் படர்ந்துள்ள சளிப் படலமும் ஆகும். மூச்சுக் குழலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் நெற்கதிர் அசைவது போல ஓயாது அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன. கண்ணீரிலும் எச்சிலிலும் சில கிருமிகளை அழிக்கும் பொருள்கள் உள்ளன. இரைப்பையின் புளிப்பு நீரும் வந்த கிருமிகளிற் பலவற்றை மடியச் செய்கிறது.

இவ்வேலியில் இடைவெளி ஏற்பட்டால் வைரஸ் எளிதில் நுழைகிறது. கொட்டிலில் எச்சம் குவிந்து ஈரமாயிருப்பின் அதிலிருந்து எழும் அம்மோனியா என்னும் காரமான ஆவி மூச்சுக் குழலின் நுண்மயிர்களைக் கெடுக்கின்றது. கொட்டிலினுட் குனிந்தவுடன் நம் கண்ணிற் கரிப்பு உண்டாகுமானால், நாளெல்லாம் அங்கேயே சுவாசிக்கும் கோழியின் நிலை எவ்வாறிருக்கும் என்று சிந்திக்க வேண்டும். உணவில் வைட்டமின் ஏ குறைந்தாலும் சளிப் படலம் வறண்டு காவல் தளர்கிறது. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, மஞ்சட் சோளம் ஆகியவை இக்குறையைப் போக்கும்.

அணுவினுள் இருக்கும் ஒற்றர்

வேலியைத் தாண்டிய வைரஸ் ஓர் அணுவினுட் புகுந்ததும், அவ்வணு அதனை எவ்வாறு அந்நியப் பொருள் என்று அறிகிறது? கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பத்திரம் வந்தால் அதில் முத்திரை உளதா, கையொப்பம் முறைப்படி உளதா என்று பார்ப்பார் அல்லரோ? அணுவினுள்ளும் அத்தகைய சோதனை நடைபெறுகிறது. உடம்பு தானே எழுதும் ஆர்.என்.ஏ. ஓலைகளின் முனையில் ஒரு முத்திரை போன்ற மூடி உண்டு; அவை பெரும்பாலும் ஒற்றை நூலாகவே இருக்கும். வைரஸ் பெருகும்போது உண்டாகும் ஆர்.என்.ஏ.யோ, சில சமயம் முனையில் அம்மூடியின்றி இருக்கும். சில சமயம் நீண்ட இரட்டை நூலாக முறுக்கிக்கொண்டிருக்கும். இவ்விரண்டும் அந்நியத்தின் அடையாளங்கள்.

இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே அணுவினுள் சில புரதங்கள் ஒற்றர் போல் அமைந்துள்ளன. மூடியற்ற முனையை அறிவது ரிக்-1 என்பது. நீண்ட இரட்டை நூலை அறிவது எம்.டி.ஏ.5 என்பது. வெளியிலிருந்து அணு விழுங்கிய பொருள்களைச் சோதிக்கும் சிறு பைகளில் டோல் வகை ஒற்றர்கள் உள்ளன. டோல் என்னும் புரதம் காளான் நோயினின்று ஈயினத்தைக் காக்கிறது என்று 1996-ல் ஹோஃப்மன் என்பாரின் குழுவினரும், அதனையொத்த புரதம் எலியின் உடம்பிற் காவல் செய்கிறது என்று 1998-ல் பாய்ட்லர் என்பாரின் குழுவினரும் கண்டனர். 2011-ல் இவ்விருவரும் நோபெல் பரிசு பெற்றனர். ஈ முதல் மனிதன் வரை உள்ள உயிர்கள் ஒத்த முறையிற் காவல் அமைத்துக்கொண்டுள்ளன என்பது இதனால் விளங்குகிறது.

கோழி முட்டையிற் கண்ட உண்மை

ஒற்றன் பகைவனைக் கண்டவுடன் ஊருக்குச் செய்தி அனுப்புகிறான். அச்செய்தியே இன்டர்பெரான் என்னும் புரதம். இது முதன்முதலில் தெளிவாக அறியப்பட்டது கோழி முட்டையிலேயே என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1957-ல் இலண்டனில் மில் ஹில் என்னுமிடத்தில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், கருவுற்ற கோழி முட்டையின் உட்சவ்வைத் துண்டு துண்டாக எடுத்து, சூட்டினால் செயலற்றுப் போன இன்ஃபுளுயன்சா வைரஸுடன் சேர்த்து வைத்தனர். பின்னர் அச்சவ்வைச் சூழ்ந்த நீரை எடுத்துப் புதிய சவ்வின்மேல் விட்டு, உயிருள்ள வைரஸை அதில் இட்டனர். வைரஸ் நன்கு பெருகவில்லை. சவ்வின் அணுக்கள் ஏதோ ஒரு பொருளை நீரில் விட்டிருந்தன. அப்பொருள் வைரஸின் பெருக்கத்திற்கு இடையூறு செய்தது. இடையூறு செய்வது என்னும் பொருள்படவே அதற்கு இன்டர்பெரான் எனப் பெயரிட்டனர்.

வைரஸ் புகுந்த சில மணி நேரத்திற்குள் இன்டர்பெரான் வெளிப்படத் தொடங்குகிறது. அது வைரஸை நேரே கொல்வதன்று. பகைவன் வந்திருக்கிறான் என்று பக்கத்து அணுக்களுக்கு அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு வீட்டில் தீப்பற்றினால் அயல் வீட்டார் கூரையை நனைத்துக்கொள்வது போல, செய்தி பெற்ற அணுக்கள் நூற்றுக்கணக்கான காவற் பொருள்களை ஆக்கத் தொடங்குகின்றன.

செய்தி பெற்ற அணுக்கள் செய்வன

அவற்றுள் முக்கியமானவை சில. ஒன்று, வைரஸின் இரட்டை நூலைக் கண்டால் அணுவின் புரதத் தொழிற்சாலையையே நிறுத்திவிடும். தொழிற்சாலை நின்றால் வைரஸுக்கு வேண்டிய புரதமும் கிடையாது. மற்றொன்று, ஆர்.என்.ஏ. நூலைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரியை முடுக்கிவிடும். இவ்வளவுஞ் செய்தும் பகைவனை அடக்க இயலாதாயின், வைரஸ் புகுந்த அணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். ஓர் அணு மடிவதால் உடம்பிற்குக் கேடில்லை. அதனுள் வளரவிருந்த வைரஸ் கூட்டம் அழிவதால் ஊருக்கே நன்மை.

அணுக்கள் இவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ளும் வேளையில் இரத்தத்திலிருந்து காவற் படைகள் வந்து சேர்கின்றன. அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் அணுக்கள் உள என்பதை 1882-ல் மெச்னிகாப் என்னும் ருஷ்ய விஞ்ஞானி மெஸ்ஸினா நகரக் கடற்கரையில் கண்டார். நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் அவர் முள்ளைக் குத்தி வைக்க, மறுநாள் அம்முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருந்தன. கோழியின் உடம்பிலும் இவ்வாறு விழுங்கும் அணுக்கள் உள்ளன. அன்றியும், வைரஸ் புகுந்தமையால் தன் அடையாளச் சீட்டை இழந்த அணுவைக் கண்டுபிடித்து அதனைத் துளைத்துக் கொல்லும் ஒரு வகை அணுக்களும் உண்டு.

நோயுற்ற கோழி காய்ச்சல் கண்டு, தீனி எடாமல், கண்ணை மூடி ஒதுங்கி நிற்பதும் இப்போரின் ஓர் அங்கமே. படைகள் வெளியிடும் செய்திப் பொருள்கள் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து சூட்டை ஏற்றுகின்றன, பசியை அடக்குகின்றன. ஆகவே ஒதுங்கி நிற்கும் கோழியைக் கண்ட அன்றே, கழிச்சல் தோன்றும் வரை காத்திராமல், அதனைக் கூட்டத்தினின்று பிரித்துவிட வேண்டும். உடம்பு போர் தொடுத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போதே அதன் மூச்சிலும் எச்சத்திலும் வைரஸ் வெளிப்பட்டுக்கொண்டிருத்தல் கூடும்.

வாத்தும் கோழியும்

இனி வாத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 2010-ல் கனடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் உள்ளிட்ட ஒரு குழுவினர் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். வாத்தின் உடம்பில் ரிக்-1 என்னும் ஒற்றன் உண்டு. கோழியின் உடம்பில் அதனைக் காணவில்லை. வாத்தின் ரிக்-1-ஐக் கோழியின் அணுக்களிற் புகுத்தியபோது அவ்வணுக்கள் இன்டர்பெரானை மிகுதியாக ஆக்கின. பறவைக் காய்ச்சல் வைரஸும் அவற்றிற் குறைவாகவே பெருகியது.

கோழிக்குக் காவலே இல்லை என்று இதனாற் கருதுதல் கூடாது. எம்.டி.ஏ.5-உம் டோல் வகை ஒற்றர்களும் கோழிக்கு உண்டு. இரண்டு காவற்காரருள் ஒருவர் இல்லாத களம் போன்றது அதன் நிலை. கழிச்சல் நோயில் வாத்து தப்புவதற்கு இவ்வொன்றே காரணம் என்று கூறுதலும் பொருந்தாது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் குடியானவர்கள் இதனின்று கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உளது. வாத்து நோயுறாமலே கழிச்சல் வைரஸைத் தன் உடம்பிற் சுமந்து வெளிவிடக் கூடும். புறாவும் வைரஸைக் கொணரக் கூடும். ஆதலால் வாத்து நன்றாயிருக்கிறதே என்று எண்ணிக் கோழியுடன் ஒரே கொட்டிலில் அடைத்தல் தவறு.

வைரஸின் சூழ்ச்சி

இவ்வளவு காவல் இருந்தும் கோழி சாவானேன்? பகைவனும் சூழ்ச்சி வல்லவன். கழிச்சல் வைரஸ் வி என்னும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அது கோழியின் எம்.டி.ஏ.5 என்னும் ஒற்றனைப் பிடித்துக்கொண்டு செய்தி போகவொட்டாமல் தடுக்கிறது. ரிக்-1 இல்லாத கோழிக்கு இருந்த ஒற்றனும் இவ்வாறு கட்டுண்டால், இன்டர்பெரான் வேண்டிய அளவில் வேண்டிய நேரத்தில் வெளிப்படுவதில்லை. வெளிப்பட்ட சிறிதளவும் பக்கத்து அணுக்களிற் பயன்படாதவாறு அப்புரதம் கெடுக்கிறது. மனிதனின் இன்டர்பெரானைக் கெடுக்க அதனால் இயல்வதில்லை. கழிச்சல் கண்ட கோழியைத் தொட்டவர்க்கு மிஞ்சினால் சில நாள் கண் சிவந்து நீர் வடிவதோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிச்சல் வைரஸில் கொடியதும் உண்டு, சாதுவானதும் உண்டு. வைரஸின் உறைமேல் உள்ள ஒரு புரதம் இரண்டாக வெட்டப்பட்டாலன்றி அது அணுவினுட் புக இயலாது. அதனை வெட்டும் கத்தரி வைரஸினிடம் இல்லை; கோழியின் உடம்பிலேதான் உண்டு. சாதுவான வகையை வெட்டும் கத்தரி மூச்சுக் குழலிலும் குடலிலும் மட்டுமே அகப்படும். ஆதலால் அது அங்கேயே சிறிது பெருகி அடங்கிவிடும். கொடிய வகையை வெட்டும் கத்தரியோ உடம்பின் எல்லா உறுப்புக்களிலும் உளது. ஆதலால் அது மண்ணீரல், குடல், மூளை என எங்கும் பரவுகிறது. அவ்வளவு பரவிய பின் காவற் படைகள் எழுந்தால், அவை பொங்கியெழுந்து வெளியிடும் பொருள்களே உறுப்புக்களைப் புண்படுத்துகின்றன. தீயை அணைக்க வந்த வெள்ளம் பயிரையும் சேர்த்து அழிப்பது போன்ற நிலை அது.

நாட்கணக்கு

முதற் காவலின் பெருமை அதன் விரைவு. குறை யாதெனில், வந்த பகைவன் இன்னான் என்று குறித்து வைத்து மறுமுறை அவனை உடனே அடையாளங் காணும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வாற்றல் இரண்டாம் காவலுக்கே உரியது. கோழியின் எச்சத் துளைக்கு மேலாக ஒரு சிறு பை உண்டு. அதற்குப் பாப்ரீசியஸ் பை என்று பெயர். அப்பையில் தேர்ச்சி பெற்ற அணுக்களே வைரஸுக்கு ஏற்ற எதிர்ப்பொருளைச் செய்கின்றன. அவ்வணுக்களை எழுப்பிவிடுவது முதற் காவல் அனுப்பும் செய்தியேயாகும். எழுந்த பின்னும், எதிர்ப்பொருள் இரத்தத்திற் காணும்படி சேர ஒரு வாரம் அளவாகிறது.

கொடிய வைரஸ் புகுந்தால் பெரும்பாலும் 5, 6 நாட்களில் நோய் வெளிப்படும். சில வேளை 2 நாளிலும், சில வேளை 15 நாளிலும் வெளிப்படும். வெளிப்பட்ட பின் இரண்டு மூன்று நாளில் கோழி மடிவதுண்டு. எதிர்ப்பொருள் ஆயத்தமாகும் முன்னரே கணக்கு முடிந்துவிடுகிறது. முதற் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை இதுவே. கோழியினுட் புகுந்த வைரஸின் அளவு சிறிதாகவோ, முதற் காவல் விரைவாகவோ இருந்தால், இரண்டாம் காவல் எழும் வரை அது தாக்குப்பிடித்துப் பிழைக்கிறது. நோய் கண்ட கூட்டத்தில் அன்றைக்கு இடும் தடுப்பூசிக்கோ, அதன் பயனைத் தர நாட்கள் எஞ்சியிருப்பதில்லை.

தடுப்பூசி

தடுப்பூசி என்பது சாதுவாக்கப்பட்ட வைரஸைக் கொண்டு முதற் காவலை எழுப்பி, அதன் வாயிலாக இரண்டாம் காவலுக்குப் பயிற்சி அளிப்பதாகும். அதனைப் பின்வருமாறு செய்தல் வழக்கம்.

குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாட்களுக்குள், எப் அல்லது லசோட்டா என்னும் சாதுவான மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுதல் வேண்டும். வைரஸ் நுழையும் வாயிலிலேயே காவல் எழும்புவதால் இம்முறை சிறந்தது. 4 வாரம் ஆனதும் லசோட்டா மருந்தைக் குடிநீரிற் கலந்து கொடுக்கலாம். 8 வாரம் நிறைந்த பின் முக்தேசுவர் வகை மருந்தை ஊசி வழியே இறக்கையருகில் தோலடியில் இடுவர். இம்மருந்து சற்று வீரியம் உடையதாதலால் 8 வாரத்திற்குக் குறைந்த குஞ்சுகளுக்கு இடுதல் ஆகாது.

மருந்து உயிருள்ளது என்பதை மறவற்க. 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் குளிர்ச்சியில் அதனை வைத்தல் வேண்டும். எடுத்துவரும் வழியிலும் பனிக்கட்டியுடன் கூடிய குப்பியில் இருத்தல் வேண்டும். வெயில் ஏறுமுன் இட்டு முடிப்பது உத்தமம். கரைத்த மருந்தை மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தல் வீண். குடிநீரிற் கலக்குமிடத்து, குளோரின் இட்ட குழாய் நீரைப் பயன்படுத்தினால் மருந்து செத்துப்போம். கிணற்று நீரே நலம். நோயுற்ற கோழிக்கு ஊசி இடலாகாது. குடற்புழு உள்ள கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாகப் புழு மருந்து கொடுத்துவிட வேண்டும்.

தமிழகத்தில் கோடைக்கு முன்னதாக, பிப்ரவரித் திங்களில் கால்நடைத் துறையினர் இரண்டு வார காலம் கிராமந்தோறும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடத்திவருகின்றனர். அதற்குக் கட்டணம் இல்லை. கோழிகளை அன்று காலை மேய விடாமல் கூண்டிலேயே அடைத்து வைத்தால் வேலை எளிதில் முடியும். ஒரு தெருவில் பாதிக் கோழிகளுக்கு மட்டும் இட்டால் மற்றப் பாதியில் வைரஸ் வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆதலால் அயல் வீட்டாரையும் அழைத்துவருதல் தமக்கே அனுகூலமாகும்.

கடலைப் பிண்ணாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நிலக்கடலை விளையும் நம் பகுதியில் இதனைத் தனியே கூறுதல் அவசியம். ஈரத்தில் பூசணம் பூத்த கடலையிலும் பிண்ணாக்கிலும் அப்லாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960-ல் இங்கிலாந்தில் இத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்று 1,00,000 வான்கோழிகள் வரை மாண்டபோதுதான் இந்நஞ்சு உலகத்திற்குத் தெரியவந்தது. சிறிய அளவில் உட்கொண்டால் கோழி உடனே சாவதில்லை. ஆனால் ஈரல் கெட்டு, இரண்டு காவல்களும் தளர்ந்து, இட்ட தடுப்பூசியும் பயனற்றுப் போகும். மனிதர்க்கு ஆகாது என்று ஒதுக்கிய பூசணக் கடலையைக் கோழிக்கு இறைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழித்தல் நன்று. கடலையைச் செவ்வையாக உலர்த்தி, தரையினின்று உயர்த்திய பலகையின்மேல் மூட்டைகளை அடுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

திருத்தணித் தாலுகா 1960-ல் சித்தூர் ஜில்லாவினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. எல்லை மாறினும் உறவும் சந்தையும் மாறவில்லை. இருபுறத்தும் உள்ள உறவினர் வீட்டுக்குக் கோழி கொண்டு போதலும், சந்தையில் வாங்கி வருதலும், கிராம தேவதைக்கு நேர்ந்த சேவலை எடுத்துச் செல்லுதலும் இயல்பே. வைரஸும் அக்கூடைகளிலேயே பயணஞ் செய்கிறது. ஆதலால் புதிதாக வந்த கோழியை இரண்டு வார காலம் தனியே அடைத்து வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்துடன் சேர்த்தல் வேண்டும்.

கால்நடைத் தொற்று நோய்களைத் தடுப்பதற்கான 2009-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் சேர்ந்துள்ளது. நோய் உளதென ஐயுறும் உரிமையாளர் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும்; அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். ஒற்றன் செய்தி அனுப்பத் தவறினால் உடம்பு அழிவது போல, முதற் செய்தி நின்றுபோனால் ஊர்க் கோழிகள் யாவும் அழியும். நோய் கண்டதும் கோழிகளை மலிவான விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுதல் பெருங்கேடு. அதனால் ஒரு வீட்டு நஷ்டம் பத்து ஊர் நஷ்டமாகிறது. செத்த கோழிகளை ஏரியிலோ கால்வாயிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். கொட்டிலைச் சுரண்டி எடுத்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரங்கள் காலியாக விட்ட பிறகே புதிய குஞ்சுகளை விடலாம்.

முடிவுரை

பிறவியில் அமைந்த முதற் காவல் விலை கொடுத்து வாங்கத்தக்கதன்று. ஒவ்வொரு குஞ்சும் அதனைத் தன்னுடன் கொண்டே முட்டையினின்று வெளிவருகிறது. அதனைக் கெடாமற் காக்கும் பொறுப்பு மட்டுமே வளர்ப்பவரைச் சார்ந்தது. காய்ந்த கொட்டிலும், பூசணமற்ற தீனியும், சிறிது கீரையும், உரிய நாளில் உரிய தடுப்பூசியும் இருப்பின், கழிச்சல் வைரஸ் ஊருக்குள் வந்தாலும் பெருஞ்சேதம் விளைவிக்க மாட்டாது. வரும் பிப்ரவரி முகாமிற்கு முன்னதாகவே குடியானவர்கள் தத்தம் வீட்டுக் கோழிகளையும் குஞ்சுகளையும் எண்ணி, அவற்றின் வயதைக் குறித்து வைத்துக்கொள்வாராக. கிராம அதிகாரிகள் தெருவாரியாக அக்கணக்கைச் சேர்த்துக் கால்நடை மருந்தகத்திற்கு அனுப்பிவைத்தால், வேண்டிய அளவு மருந்து காலத்தில் வந்துசேர ஏதுவாகும்.